சிறு கார்களுக்கான மாற்றுக் காற்று வடிகட்டி

காற்று வடிகட்டி என்பது, பெட்ரோலையோ டீசலையோ எரித்து இயங்கும் யந்திரத்தின் சிலிண்டர்களுக்குள் செல்லும் காற்றிலிருந்து மண், மணல், புகைக்கரி, பஞ்சு முதலியவற்றைப் பிரித்து நிறுத்தி, காற்றை மட்டும் உள்ளே விடும் சாதனமாகும். பட்டறைகளில் ஏர் பில்டர் என்றும், வயது முதிர்ந்த மெக்கானிக்குகளிடையே ஏர் கிளீனர் என்றும் வழங்கும் இதனை, நன்னூலார் கடை மாணாக்கனுக்கு உவமையாகக் காட்டிய நெய்யரியோடு ஒப்பிடலாம். நல்லதைப் போகவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்வது மாணாக்கனுக்கு இழுக்கானால், யந்திரத்தின் முன் நிற்கும் வடிகட்டிக்கு அதுவே இலக்கணம். காரைத் தயாரித்த நிறுவனம் தன் முத்திரையோடு அளிக்கும் வடிகட்டியை விடுத்து, வேறொரு நிறுவனம் அதே காருக்கென்று செய்து உதிரிபாகக் கடைகளில் விற்பதை வாங்கிப் பொருத்தும்போது அது மாற்று வடிகட்டி எனப்படுகிறது. மாருதி 800, ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விப்ட், ஹூண்டாய் சான்ட்ரோ, ஐ10, டாட்டா இண்டிகா, ரெனோ க்விட் முதலிய, பின்கதவைத் தூக்கித் திறக்கும் சிறு கார்களுக்கு இத்தகைய வடிகட்டிகள் பலவகையாகக் கிடைக்கின்றன. அவற்றுள் எதைத் தேர்வது என்னும் வினாவுக்கு விடை ஊருக்கு ஊர் மாறும். ஏனெனில் தூசி ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆதலின், நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர் வட்டத்தில், காவிரியின் இடக்கரையில், படுகை அணையும் ராஜவாய்க்கால் தலைப்பும் அமைந்த ஜேடர்பாளையத்தையும், அதனைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளியையும் நிலைக்களமாகக் கொண்டு இவ்விஷயம் இங்கே ஆராயப்படுகிறது.

காற்றின் அளவு

யந்திரம் குடிக்கும் காற்று எவ்வளவு என்பதை அறிந்தாலன்றி வடிகட்டியின் அவசியம் மனத்திற் பதியாது. பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு, எடைக்கு எடை 14.7 மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோகிராம். அதற்கு வேண்டிய காற்றின் எடை சுமார் 11 கிலோகிராம். நம் பக்கத்து உஷ்ணத்தில் இக்காற்று 9,000 லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 18 கி.மீ. ஓடும் ஒரு சிறு கார் 10,000 கி.மீ. ஓடி முடிப்பதற்குள் சுமார் 5,000 கன மீட்டர் காற்றை உட்கொண்டு வெளியேற்றிவிடுகிறது. இனி, 1,197 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு வீச்சு யந்திரம் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுழலும்போது, சிலிண்டர்கள் முற்றும் நிரம்புவதில்லை என்பதையும் கழித்துப் பார்த்தால், விநாடிக்கு 50 லிட்டர் காற்று உள்ளே போகிறது. உள்ளங்கையிரண்டை விரித்து வைத்தாற்போன்ற பரப்புடைய பெட்டிக்குள் இவ்வளவு காற்றும் தடையின்றிப் புகவேண்டும், அதிலுள்ள தூசி மட்டும் நிற்கவேண்டும் என்பதற்காகவே வடிகட்டித் தாளைச் சிறுசிறு மடிப்புகளாக மடித்து, ஒரு பெரிய விரிப்பின் பரப்பைச் சிறிய சட்டத்துள் அடக்கி வைக்கின்றனர். இரண்டு வடிகட்டிகள் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருப்பினும், மடிப்புகளின் எண்ணிக்கையும் ஆழமும் குறைந்தது எதுவோ அது மலிவாகச் செய்யப்பட்டது என்று கடை முகப்பிலேயே அறிந்துகொள்ளலாம்.

இச்சமவெளியின் தூசி

தூசி யாவும் ஒரு தன்மையதன்று. யந்திரத்தை அடைப்பது ஒரு வகை. யந்திரத்தைத் தின்பது மற்றொரு வகை. இவ்வேறுபாட்டை உணராமல் வடிகட்டி வாங்குவோர், வடிகட்டி கறுத்துவிட்டது என்பதற்காக அஞ்சவேண்டாத இடத்தில் அஞ்சி, அஞ்சவேண்டிய இடத்தில் அலட்சியமாக இருந்துவிடுகின்றனர்.

யந்திரத்தைத் தின்னும் தூசி, கல்லின் தூசியே. குவார்ட்ஸ் எனப்படும் சிலிக்காப் படிகத்தின் கடினம், மோஸ் அளவுகோலில் 7. அது சிலிண்டர்ச் சுவரையும் பிஸ்டன் வளையத்தையும் அராவவல்லது. அவற்றிடையே நின்று உராய்வைத் தடுக்கும் எண்ணெய்ப் படலத்தின் கனம் சில மைக்ரான்களே. 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள் இப்படலத்தினுள் நுழைந்து இரண்டு பக்கமும் உரசுவதால் அவையே மிகுந்த கேட்டை விளைவிப்பன என்று கொள்ளப்படுகின்றன. தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்தால், கண்ணுக்குப் புலப்படாத துகளே இங்குப் பகைவன் என்பது விளங்கும். நாமக்கல் மாவட்டத்தில் கருங்கல் குவாரிகளும், ஜல்லி உடைக்கும் கிரஷர்களும், ஆற்று மணலுக்கு ஈடாகக் கல்லைப் பொடித்து எம் சாண்ட் எடுக்கும் ஆலைகளும் பெருகியிருக்கின்றன. அவற்றுக்குச் செல்லும் மண் தடங்களில் டிப்பர் லாரியின் பின்னே கார் ஓட்டுகிறவர், ஒரே நாளில், தார்ச்சாலையில் ஓட்டுகிறவர் பல வாரங்களில் பெறாத கல்தூசியைத் தம் வடிகட்டிக்கு ஊட்டிவிடுகிறார். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு இது நன்கு தெரிந்த விஷயம். பாறையைத் துளைத்து மாவாக்கி மேலே ஊதும் தொழிலில், கம்ப்ரஸருக்கு முன் காற்றைச் சுழற்றித் தூசியை உதிர்க்கும் கலமும், அதன் பின் பெருவடிகட்டியும் இல்லாமல் எவரும் வண்டியை எடுப்பதில்லை. அவர்கள் வண்டிக்குக் காட்டும் ஜாக்கிரதையில் நூற்றில் ஒரு பங்கை வீட்டுக் காருக்கும் காட்டினால் போதுமானது.

சேலத்து மாக்னசைட் வெட்டுமிடங்களின் வெண்தூசி பார்வைக்குப் பயங்கரமாயினும் அத்தாதுவின் கடினம் 4 அளவிலேயே நிற்பதால், குவார்ட்ஸ் தூசியைப்போல் கொடியதன்று. ஆனால் அதனுடன் கலந்து வரும் பாறைத் தூள் கொடியது.

அடைக்கும் தூசியின் கதை வேறு. ஜேடர்பாளையம், கபிலர்மலை, பிலிக்கல்பாளையம் பகுதிகளில் காவிரிப் பாசனத்துக் கரும்பை ஆட்டி வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகள் நிறைந்திருக்கின்றன. பிலிக்கல்பாளையத்து வெல்ல ஏலம் இப்பிரதேசத்தில் பெயர் பெற்றது. உலர்ந்த கரும்புச் சக்கையே அடுப்புக்கு விறகாவதால், காய்ச்சும் காலங்களில் சக்கையின் மென்னாரும் புகைக்கரியும் சாலையோரமெங்கும் மிதக்கின்றன. நாமக்கல்லைச் சுற்றிய கோழிப்பண்ணைகளிலிருந்தும் தீவன ஆலைகளிலிருந்தும் மக்காச்சோளத் தூளும் இறகின் நுனிகளும் பறக்கின்றன. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் செய்யும் ஆலைகளின் களங்களில் கிழங்குச் சக்கையாகிய திப்பி உலர்ந்து பறக்கிறது. சேலத்தில் 1981ஆம் ஆண்டு தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இத்தொழிலின் பரப்புக்குச் சான்று. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சென்றால் விசைத்தறிகளின் பஞ்சுத் தும்பு. இவையெல்லாம் மெல்லியவை, சிலிண்டருள் போய்விட்டாலும் பெரும்பாலும் எரிந்து போகும். ஆயினும் இவை வடிகட்டியின் முகத்தில் போர்வையாகப் படிந்து மூச்சை அடைப்பனவாதலால், கி.மீ. கணக்கைப் பார்த்திராமல் வடிகட்டியை மாற்றும்படி நேர்கிறது.

ஒரே ஒரு விலக்கு இங்கே சொல்லத்தக்கது. அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல் கையில் எடுத்தால் பட்டுப்போல் மிருதுவாகத் தோன்றும். ஆனால் அதிற் பெரும்பகுதி சிலிக்கா. கரும்புச் சக்கைச் சாம்பலிலும் சிலிக்கா மிகுதி. ஆகவே, வெல்ல ஆலைக்கோ அரிசி ஆலைக்கோ பக்கத்தில் காரை நாள்தோறும் நிறுத்தி எடுப்பவர், புகை மெல்லியது என்று நம்பிச் சாம்பலை மறந்துவிடலாகாது.

வடிகட்டி வந்த வழி

மோட்டார் யந்திரத்தின் ஆரம்ப காலத்தில் காற்றுக்கு வடிகட்டி இருந்ததில்லை. கார்புரேட்டரின் வாய் திறந்தே கிடந்தது. இந்தக் குறை முதலிற் சுட்டது நகரத்துக் காரையன்று, உழவனின் டிராக்டரை. புழுதிக் காட்டில் உழும் டிராக்டர்களின் யந்திரங்கள் சில வாரங்களிலேயே தேய்ந்து போவதைக் கண்ட பிராங்க் டொனால்ட்சன் என்னும் டிராக்டர் விற்பனையாளர், 1915ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் அதற்கென ஒரு தூசி நீக்கியைச் செய்தார். அவர் பெயரிலான நிறுவனம் இன்றும் வடிகட்டித் தொழிலில் முன்னணியில் நிற்கிறது. அதன் பின் எண்ணெய்த் தொட்டி வகை பரவிற்று. இதில் காற்று, தொட்டியிலுள்ள எண்ணெயின் மேல் மோதித் திரும்பும்போது கனமான துகள்கள் எண்ணெயில் அமிழ்ந்துவிடும். எஞ்சியதைக் கம்பி வலை பிடித்துக்கொள்ளும். ஜேடர்பாளையத்துக் கரும்புத் தோட்டங்களில் ஓடும் டிராக்டர்களுள் இவ்வகையை இன்றும் காணலாம். குறைந்த வேகத்தில் காற்று மந்தமாகச் செல்லும்போது இதன் திறன் குன்றுவதும், சரிவில் எண்ணெய் தளும்புவதும் இதன் குறைகள். ஆகவே 1960களுக்குள் கார்களில் மடிப்புத் தாள் வடிகட்டி இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1941இல் ஜெர்மனியில் தோன்றிய மான் ஹும்மல் போன்ற நிறுவனங்கள் இத்துறையில் வளர்ந்தன. எண்ணெய் தோய்ந்த பருத்தி வடிகட்டியோ, கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களின் தேவைக்காக 1960களில் கே அண்ட் என் என்னும் பெயரோடு தொடங்கிப் பின்னர்க் கார்களுக்கும் வந்தது. பந்தயத்தில் பிறந்த பண்டம் என்பதை வாங்குவோர் மறவாதிருத்தல் நலம். பந்தய யந்திரத்தை அடிக்கடி பிரித்துப் புதுப்பிப்பார்கள், வீட்டுக் காரை அவ்வாறு செய்வாரில்லை.

வகைகளும் அவற்றின் குணங்களும்

கடையில் கிடைக்கும் மாற்று வடிகட்டிகளுள் முதலாவது, தயாரிப்பாளரின் வடிகட்டியைப்போலவே செய்யப்பட்ட மடிப்புத் தாள் வடிகட்டி. விலை சில நூறு ரூபாய். பிசின் ஏற்றிய இத்தாளின் இழைகளிடையே தூசி சிக்குவதோடு, சிக்கிய தூசியே ஒரு படலமாகி அடுத்து வரும் நுண்தூசியைத் தடுப்பதால், சில ஆயிரம் கி.மீ. ஓடிய தாள், புதுத் தாளைவிட நன்றாக வடிகட்டுகிறது. இது பலர் அறியாத சூட்சுமம். மாதந்தோறும் வடிகட்டியைக் கழற்றி ஏர் அடிப்பவர் தம் காருக்கு நன்மை செய்வதாக எண்ணித் தீமையையே செய்கிறார். செயற்கை இழைகளால் நெய்யாமல் ஒட்டிச் செய்யப்பட்ட உலர் வடிகட்டிகளும் தாளைப்போன்றவையே. ஈரத்துக்குத் தாளைவிட அதிகமாகத் தாக்குப்பிடிக்கும்.

இரண்டாவது, எண்ணெய் தோய்ந்த பருத்தி வடிகட்டி. கம்பி வலைகளிடையே பல அடுக்கு மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்து, பிசுபிசுப்பான விசேஷ எண்ணெய் ஊட்டியிருப்பார்கள். துணியின் கண்கள் தாளின் கண்களைவிடப் பெரியவை. அவற்றின் வழியே தூசி நழுவாமல் பிடிப்பது எண்ணெய்தான். கழுவி மீண்டும் எண்ணெயிட்டுப் பல்லாண்டு பயன்படுத்தலாம். நல்ல சாலைகளில் 80,000 கி.மீ. வரை கழுவவேண்டுவதில்லை என்று இதன் தயாரிப்பாளர்கள் கூறுவது, கல்குவாரித் தடத்துக்குப் பொருந்தாது. இத்தாலிய பி.எம்.சி. நிறுவனத்தின் வடிகட்டிகளும் இவ்வகையின. இறக்குமதிச் சரக்கு பல ஆயிரம் ரூபாய் பெறும்.

மூன்றாவது, எண்ணெய் தோய்ந்த பாலியூரித்தேன் பஞ்சு வடிகட்டி. இங்கிலாந்தின் பைப்பர்கிராஸ் இவ்வகையில் பெயர் பெற்றது. பெருந்தூசியை ஏராளமாகத் தாங்கும் குணம் இதற்குண்டு. ஆண்டுகள் சென்றபின் உஷ்ணத்தால் பஞ்சு பொடிந்து, அப்பொடியே உள்ளே போகும் அபாயமும் உண்டு.

இவை மூன்றும் பழைய பெட்டிக்குள்ளேயே அமர்வன. நான்காவதான கூம்பு வடிகட்டி, பெட்டியையே எடுத்தெறிந்துவிட்டுக் குழாயின் முனையில் திறந்தவெளியாகப் பொருத்தப்படுவது. கோன் பில்டர் என்று சொல்லிக் கல்லூரி இளைஞர்கள் விரும்பி வாங்குவதற்குக் காரணம் அதன் உறுமல் சப்தமே என்பது நம் அபிப்பிராயம். பெட்டியிலிருந்து நீளும் மூக்குக்குழாய், ரேடியேட்டருக்கு முன்னால், வெளிக் காற்றை எடுக்கும்படி அமைந்திருப்பது காரணமின்றியன்று. யந்திர அறையின் மூடிக்கு அடியிலுள்ள காற்று வெளிக்காற்றைவிட 20 டிகிரி சூடாயிருந்தால் அதன் அடர்த்தி நூற்றுக்கு 6 பங்கு குறைந்துவிடும். சித்திரை மாத வெயிலில், நாமக்கல் ஊருக்குள் நெரிசலில் நிற்கும் காரில் இவ்வேறுபாடு இதனினும் மிகும். சக்தி பெறுவதற்காக வாங்கிய பொருளால் சக்தி குறைகிறது. மேலும், கூம்பைத் தாழ்வான இடத்தில் தொங்கவிட்டால், மழைக்காலத்தில் திருமணிமுத்தாறு பெருக்கெடுத்துத் தரைப்பாலங்களின் மேல் ஓடும்போது, அது காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும். சிலிண்டருள் புகுந்த தண்ணீரை அழுத்த முடியாமையால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் செலவில் நூறு தாள் வடிகட்டிகள் வாங்கலாம்.

கம்பி வலை மட்டுமே கொண்டு, கழுவினால் காலமெல்லாம் உழைக்கும் என்று விற்கப்படும் சரக்கை வடிகட்டி என்று அழைப்பதே மிகை. அது பூச்சியைத் தடுக்கும், தூசியைத் தடுக்காது.

வடிகட்டும் திறனை அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் சர்வதேசப் பரிசோதனை முறை இருக்கிறது. இதில் தரப்படுத்திய தூசியைக் காற்றோடு கலந்து செலுத்தி, எவ்வளவு நின்றது, எவ்வளவு கடந்தது, எவ்வளவு தூசி ஏறும்வரை தாங்கிற்று, எவ்வளவு தடை ஏற்பட்டது என்னும் கணக்குகளை எடுக்கின்றனர். விற்பனைத் தாள்களில் நூற்றுக்கு 99.5, நூற்றுக்கு 97 என்று காணப்படும் எண்கள் ஏறக்குறைய ஒன்றேபோலத் தோன்றி வாங்குவோரை ஏமாற்றும். நின்றதைப் பார்க்காமல் கடந்ததைப் பார்க்கவேண்டும்: முன்னது 100 கிராம் தூசியில் அரைக் கிராமை விடுகிறது, பின்னது 3 கிராமை விடுகிறது. ஆறு மடங்கு. திறன் எண்ணைச் சொல்லாமல், காற்று இத்தனை சதவீதம் அதிகமாகப் பாயும் என்பதை மட்டும் அச்சிட்டிருக்கும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது விவேகம்.

சக்தியும் மைலேஜும்

மாற்று வடிகட்டி விற்போர் கூறும் இரண்டு வாக்குறுதிகள், கார் சீறிப் பாயும் என்பதும் பெட்ரோல் மிச்சமாகும் என்பதும். இரண்டையும் நிதானமாக ஆராயவேண்டும்.

பெட்ரோல் யந்திரத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதென்பது, காற்றுக் குழாயிலுள்ள திராட்டில் தகட்டைத் திறப்பதேயாகும். சாதாரண ஓட்டத்தில் இத்தகடு பாதிக்கு மேல் மூடியே இருப்பதால், காற்றுக்குப் பெருந்தடை அதுவே. வடிகட்டி தரும் தடை அதன் முன் கணக்கில் வராது. தகட்டை முழுவதும் திறந்து, யந்திரத்தை உச்ச வேகத்தில் சுழற்றும்போது மட்டுமே வடிகட்டியின் தடை வெளிப்படுகிறது. அப்போதும் தூய தாள் வடிகட்டி ஒன்றின் தடை, வாயுமண்டல அழுத்தமாகிய 1,01,325 பாஸ்கலில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவை ஒட்டியே இருக்கும். ஆகவே வடிகட்டியையே நீக்கிவிட்டாலும் பெறும் லாபம் சுமார் ஒரு குதிரைத்திறன். நல்ல வடிகட்டியிலிருந்து இன்னும் நல்ல வடிகட்டிக்கு மாறுவதால் பெறுவது அதிலும் ஒரு சிறு பின்னம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது கார் திணறுகிறது என்று சொல்லி வடிகட்டியைக் குறை கூறுவோர் உளர். 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியே நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்துவிடுகிறது. எந்த வடிகட்டியும் இல்லாத காற்றை உண்டாக்காது.

மைலேஜ் விஷயத்தில் அமெரிக்க அரசின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிச் சாலை 2009இல் வெளியிட்ட ஆய்வு, பொதுநம்பிக்கைக்கு மாறான முடிவைத் தந்தது. கணிப்பொறி கட்டுப்படுத்தும் எரிபொருள் பீய்ச்சுமுறை உள்ள கார்களில் வடிகட்டி நன்கு அடைபட்டிருந்தும் எரிபொருள் செலவு கூடவில்லை; முழு வேகமெடுக்கும் ஆற்றல் மட்டுமே குறைந்தது. காற்று குறைந்தால் அதற்கேற்பப் பெட்ரோலையும் யந்திரம் தானே குறைத்துக்கொள்வதே இதன் காரணம். கார்புரேட்டர் பொருத்திய பழைய காரில் இவ்வாறன்று. அங்கே வடிகட்டி அடைபட்டால் பெட்ரோல் விகிதம் மிகுந்து செலவு ஏறும். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, பல்லாண்டுக் காலம் கார்புரேட்டரோடு ஓடியமையால், அக்காலத்து மெக்கானிக்குகள் வடிகட்டியை மாற்றினால் மைலேஜ் கூடும் என்று அனுபவத்தாற் சொன்னது அன்றைக்கு உண்மை. இன்றைய காருக்கும் அதையே சொல்லி விற்பதுதான் பிழை.

டீசல் சிறு கார்களைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஸ்விப்ட் டீசல் காரிலும் வேறு பல கார்களிலும் வந்த 1,248 சி.சி. யந்திரத்தில், உள்ளே போகும் காற்றின் எடையைச் சூடான மெல்லிய தகடொன்றால் அளக்கும் சென்சார், வடிகட்டிக்கு அடுத்தாற்போல் அமர்ந்திருக்கிறது. பருத்தி வடிகட்டிக்கு எண்ணெயை அளவுக்கு மீறி ஊட்டினால் அது பறந்து இத்தகட்டின்மேல் படிந்து அளவைப் பொய்யாக்கும்; அப்போது புகையும் இழுவைக் குறைவும் தோன்றும். சிறு பெட்ரோல் கார்கள் பலவற்றில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே இருப்பதால் இத்தொல்லை அரிது.

பொருத்தம்

வடிகட்டும் பொருள் எதுவாயினும், சட்டத்தின் விளிம்பு பெட்டியோடு இறுகப் பொருந்தாவிட்டால் அத்தனையும் வியர்த்தம். காற்று எப்போதும் எளிய வழியையே நாடும். விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் தூசி வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு நேரே யந்திரத்தை அடையும். நம் கருத்தில், இப்பிரதேசத்துக் கார்கள் பலவற்றின் கேட்டுக்கு மட்டமான தாளைவிட உடைந்த கிளிப்பும் காய்ந்து விறைத்த ரப்பர் விளிம்புமே பெரிய காரணம். கிளிப் உடைந்தபின் பெட்டியைக் கட்டுக்கம்பியால் கட்டி அனுப்பும் வழக்கம் பட்டறைகளில் சர்வசாதாரணம்.

புதிய வடிகட்டியை வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் சென்று, நீளம், அகலம், உயரம், விளிம்பின் கனம் ஆகிய நான்கையும் கடையிலேயே ஒட்டிவைத்துப் பார்க்கவேண்டும். ஒரே பெயருள்ள காருக்குள்ளேயே ஆண்டுக்கு ஆண்டும், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வடிகட்டி வேறாகும்; ஸ்விப்ட் என்று மட்டும் சொல்லி வாங்குவது போதாது. விளிம்பு ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி மீளவேண்டும். மடிப்புகள் நேராகவும் சம இடைவெளியோடும் நிற்கவேண்டும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தாளினூடே வெளிச்சம் மங்கலாகப் பரவலாம்; ஊசிமுனைப் புள்ளியாக எங்கும் பளிச்சிடலாகாது. நன்கறிந்த நிறுவனங்களின் அட்டைப்பெட்டியைப் போலியாக அச்சிட்டு விற்பதும் உண்டாகையால், ரசீது கொடுக்கத் தயங்கும் கடையை விட்டு நீங்குக.

பொருத்தி ஓட்டிய சில நாட்களுக்குப் பின், யந்திரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்து, வடிகட்டிக்கு அப்பாலுள்ள தூய பக்கத்தையும் அதிலிருந்து செல்லும் குழாயின் உட்புறத்தையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும். துணியில் மண்நிறம் ஏறினால் விளிம்பு கசிகிறது என்று நிச்சயம். இந்தப் பரிசோதனைக்குக் காசு செலவில்லை. விளம்பரத் தாள் எதுவும் தராத உண்மையை இது தரும்.

பராமரிப்பு

தார்ச்சாலையில் ஓடும் கார்களுக்கு 20,000 முதல் 40,000 கி.மீ. வரையில் வடிகட்டியை மாற்றும்படி தயாரிப்பாளர்கள் பலர் தம் கையேட்டில் குறிப்பிடுவர். புழுதிப் பிரதேசத்தில் இதைக் குறைத்துக்கொள்ளும்படியும் அதே கையேட்டில் எழுதியிருப்பார்கள். பரமத்தி வேலூர் சென்று தேசிய நெடுஞ்சாலை 44இல் ஏறிச் சேலத்துக்கும் கரூருக்கும் போய்வரும் காருக்கு முதற்கணக்கும், குவாரித் தடத்திலும் தோட்டத்து மண்பாதையிலும் ஓடும் காருக்கு அதிற் பாதியும் பொருந்தும். தாளுக்கு ஏர் அடிப்பது தவிர்க்க முடியாதபோது, யந்திரப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தத்தைக் குறைத்து, முனையைத் தூரத்தில் பிடித்து அடிக்கவேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் அழுத்தத்தை அப்படியே தாளின்மேல் பாய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் உண்டாகும். தாளைத் தண்ணீரில் கழுவலாகாது.

பருத்தி வடிகட்டியை அதற்குரிய திரவத்தால் கழுவி, நிழலில் முற்றும் உலர்த்தி, அதற்குரிய எண்ணெயை மடிப்புத் தோறும் சொட்டவிட்டு, எண்ணெய் துணி முழுதும் ஊறும்வரை காத்திருந்து பொருத்தவேண்டும். இதற்கு ஒரு நாள் வேண்டும். அந்த நாளில் கார் ஓடாது. அவசரத்தில் ஈரத்தோடு பொருத்துவதும், விசேஷ எண்ணெய்க்குப் பதில் பட்டறையில் கிடைத்த இன்ஜின் ஆயிலைத் தடவுவதும் வடிகட்டியே இல்லாமல் ஓட்டுவதற்குச் சமீபமான காரியங்கள். பொறுமையும் ஓய்வும் உடைமை, நெடுஞ்சாலையிலேயே பெரும்பாலும் ஓட்டுதல், பல ஆண்டுகள் அதே காரை வைத்திருக்க நினைத்தல் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அவருக்குப் பருத்தி வடிகட்டி தகும். ஏனையோருக்கு நல்ல தாள் வடிகட்டியே தகும் என்பது நம் தீர்ப்பு. தோட்டத்து வீடுகளில் பல நாள் நிறுத்தி வைக்கும் கார்களின் பெட்டிக்குள் எலி தேங்காய் நாரைக் கொண்டு கூடு கட்டி, வடிகட்டியைக் கடித்துத் துளைப்பதும் உண்டாகையால், அங்கே விலை குறைந்த வடிகட்டிக்கு மற்றொரு நியாயமும் இருக்கிறது.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தைத் திருத்துவதைத் தடை செய்கிறது. பழைய பெட்டிக்குள் அதே அளவில் அமரும் மாற்று வடிகட்டி இவ்விவரங்கள் எதையும் மாற்றுவதில்லை. பெட்டியை அறுத்தோ நீக்கியோ கூம்பு பொருத்தினால், யந்திரக் கோளாறு நேரும்போது தயாரிப்பாளர் உத்தரவாதத்தை மறுக்க இடமுண்டாகும். சப்தமும் புகையும் விதித்த அளவை மீறினால் போக்குவரத்து அதிகாரிகளின் நடவடிக்கைக்கும் ஆளாக நேரும். உத்தரவாதக் காலம் முடியாத காருக்கு மாற்று வடிகட்டி வாங்குவோர், உத்தரவாதப் புத்தகத்தில் உதிரிபாகங்களைப் பற்றிய பகுதியைப் படித்த பின்னரே வாங்குக. கழற்றிய பழைய வடிகட்டியையும் ரசீதையும் உத்தரவாதம் முடியும்வரை பத்திரப்படுத்தி வைக்க.